பிரிவு 4: எல்லை

டோக்கியோவிலிருந்து வந்த ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
நான்காம் பிரிவில் ஒரே வரி:
மொழி, தமிழ். எல்லை, தமிழ்நாடு.

எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன்.
கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
மூன்று தக்காளி லாரிகள் நிற்கின்றன.
அதற்கு முந்நூறு அடி இந்தப் பக்கம் என் வீடு.
பாலக்காடு ஜில்லா.

ஹயாசகா அம்மையாரைக் குறை சொல்ல முடியாது.
வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆறு தொகுதிகள், மின்பதிப்பு மட்டும்.
ஒரு தீவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் பெண்ணின் கதை.
முன்பணம் யென்னில்.
ரூபாயாக்கினால்
ரகமத்துனிசாவின் இரண்டு வளையல்;
சீட்டு அவள் பர்ஸில் இருக்கிறது.

மற்ற நிபந்தனைகள் எனக்குப் பிடித்தே இருந்தன.
பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பக் கூடாது.
அவள் வலக்கையில் பிடித்த கத்தரி
வலக்கையிலேயே இருக்க வேண்டும்,
நாம்தான் வலமிருந்து இடம் வர வேண்டும்.
படத்தோடு வரைந்த சத்தங்களை அழிக்கக் கூடாது,
ஓரத்தில் சின்னதாய்த் தமிழ் போட்டுக்கொள்ளலாம்.

சத்தத்துக்கு நான் பயந்ததே இல்லை.
மழைக்குச் சோ.
கத்தரிக்குக் கிரிச் கிரிச்.
படகைக் கட்டிய கயிற்றுக்கு ஒரு முனகல்.
மாட்டிக்கொண்டது மூன்றாம் தொகுதி, நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.
கடை காலி. நாற்காலி காலி.
கட்டத்தின் குறுக்கே பெரிதாக எழுதியிருக்கிறது: ஷீன்.
யாரும் பேசாதபோது கேட்கும் ஓசையாம்.
நம்மிடம் அமைதிக்குப் பெயர் இருக்கிறது, ஓசை இல்லை.
"உஸ்-னு போடு" என்றாள் ரகமத்துனிசா.
உஸ் என்பது ஒருவர் சொல்வது.
இங்கே ஒருவரும் இல்லை.

டோக்கியோவுக்கு எழுதினேன்:
எங்கள் ஊரில் ஆற்றுக்கே ஒப்பந்தம் உண்டு,
ஆழியாற்றுத் தண்ணீரை மணக்கடவில் அளந்து விடுகிறார்கள்,
பேச்சை அளக்க அங்கே அணை இல்லை.
படித்துப் பார்த்தேன். கவிதை மாதிரி இருந்தது.
அழித்தேன்.
கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மூணாறு,
அப்புறம் யாழ்ப்பாணம், பினாங்கு,
இங்கெல்லாம் தமிழ் படிக்கிறார்கள்,
நான்காம் பிரிவைத் திருத்தித் தருக, என்று அனுப்பினேன்.

இரண்டே நாளில் பணிவான பதில்.
தமிழ்நாட்டுக்கு வெளியே எத்தனை வாசகர்கள்?
எண்ணிக்கை தந்தால் ஆசிரியரிடம் கேட்கிறோம்.

எண்ணிக்கைக்கு எங்கே போவேன்.
சோதனைப் பதிப்பை வீட்டில் திறந்தேன்.
"இந்நூல் தங்கள் பகுதியில் கிடைக்காது."
அந்த வாக்கியமும் என் மொழிபெயர்ப்புதான்.
'தங்கள்' என்று போட்டதற்கு
இப்போது வெட்கமாக இருந்தது.

செல்போனோடு சாவடி தாண்டி நடந்தேன்.
பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் திறந்துகொண்டது.
சுபின் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி எட்டிப் பார்த்தான்.
"இது எப்பவோ படிச்சாச்சுங்க.
கடைசில கடையப் பூட்டிட்டுப் போயிருவா."
எதில் படித்தாய் என்றேன்.
"டெலிகிராம்ல. இங்கிலீசுல."
அதற்கு எல்லை கிடையாதா?
"அதுக்கெதுக்குங்க எல்லை?"

சொன்னவன் கையைத் துடைத்துக்கொண்டு
செல்போனை வாங்கிக்கொண்டான்.
தள்ளத் தள்ளப் படித்தான்.
ஒருவன் சைக்கிளோடு வந்து நின்றான், பார்த்தான், போனான்.
நாற்பத்தொன்றில் விரல் நின்றது.
"இங்க ஓரத்துல ஒண்ணும் எழுதலீங்களா?"
எழுதலாமா என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"வேண்டாங்க. கேக்குது."

இவன் வீடு வேலந்தாவளம். கேரளா.
எண்ணிக்கையில் ஒன்று.
என்னையும் சேர்த்தால் இரண்டு.
இரண்டு என்று எழுதினால்
ஹயாசகா சிரிப்பாரா?
வெள்ளிக்கிழமை வளையலுக்கு வட்டி வேறு கட்ட வேண்டும்.

யோசித்துக்கொண்டே திரும்பினேன்,
திரையில் அதே பக்கம், அதே கடை.
லாரிகளைத் தாண்டியதும் டவர் மாறிற்று.
காலியான நாற்காலி இருந்தது.
பிறகு நாற்காலியும் இல்லை.